வலி மாத்திரையும் நமது உழைப்பும்

(பனமலையில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி, நிலம், வீட்டுமனை, வேலை நாள் ஆகியவற்றைப் பற்றித்தான் நமது கூட்டங்களில் வழக்கமாகப் பேசுகிறோம். இன்று வலியைப் பற்றிப் பேசும்படி தோழர்கள் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். வலி என்பது டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம், சங்கத்தில் பேசுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் இடுப்பு வலி இல்லாதவர் எத்தனை பேர்? நாளெல்லாம் சேற்றில் குனிந்து நடவு நட்ட தாய்மாருக்கு இரவில் முதுகை நேராக வைத்துப் படுக்க முடிகிறதா? கரும்புக் கட்டைத் தலையில் வைத்துப் பலகை மேல் ஏறி லாரியில் போடுகிறவருக்கு நாற்பது வயதில் கழுத்து திரும்புகிறதா? ஆலையில் ஷிப்டு முழுவதும் நின்றே வேலை செய்பவருக்குக் கால் வீக்கம் எந்த நாளில் வற்றியது?

ஆகவே காலையில் ஒரு மாத்திரை போட்டுக் கொள்கிறோம். போடாவிட்டால் வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் கூலி கிடையாது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, அதன் பிறகு ஊசி. இப்படித்தான் கதை நடக்கிறது. அந்த மாத்திரை என்ன மாத்திரை, அதை யார் செய்கிறார்கள், அதைவிடத் தீங்கு குறைந்த மருந்து உண்டா, உண்டென்றால் அது ஏன் நம் கைக்கு வரவில்லை என்ற கேள்விகளைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இரண்டு ஜாதி மருந்து

வலி மாத்திரைகளில் பெரும்பாலும் இரண்டு ஜாதி உண்டு. பாரசிட்டமால், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலியவை ஒரு ஜாதி. இவை காய்ச்சலைத் தணித்து வலியைக் குறைக்கின்றன; பாரசிட்டமால் தவிர மற்றவை வீக்கத்தையும் தணிக்கின்றன. இவற்றால் போதை வராது. ஆனால் அளவு மீறினால் பாரசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும், மற்றவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மற்றொரு ஜாதி அபினிலிருந்து வந்தது, அல்லது அபினைப் போலவே வேலை செய்யும்படி ரசாயனச் சாலையில் செய்யப்பட்டது. மார்ஃபின், பெத்தடின், டிராமடால், டாபென்டடால் முதலியவை இந்த ஜாதி. ஓபியாய்டு என்று டாக்டர்கள் சொல்வது இவற்றைத்தான். இவை காயத்தை ஆற்றுவதில்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் போய் உட்கார்ந்து, வலி என்ற சேதியை மூளை பொருட்படுத்தாதபடி செய்கின்றன. கூடவே ஒரு மயக்க சுகத்தையும் தருகின்றன. நாள் செல்லச் செல்லப் பழைய அளவு போதாமல் போகிறது. நிறுத்தினால் உடம்பு நடுங்குகிறது, வாந்தி வருகிறது, தூக்கம் போகிறது. அளவு மிஞ்சினால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து, தூக்கத்திலேயே நின்று விடுகிறது.

இந்த இரண்டாவது ஜாதிக்குப் பதிலாக ஒரு மருந்து, வலியைப் போக்க வேண்டும், ஆனால் அடிமையாக்கக் கூடாது, மூச்சை நிறுத்தக் கூடாது. இதைத்தான் விஞ்ஞானிகள் இருநூறு ஆண்டுகளாகத் தேடி வருகிறார்கள். அந்தத் தேடலின் கதை நமது வர்க்கத்தின் கதையோடு பின்னிக் கிடக்கிறது.

கம்பெனி காலத்து அபின்

நமது நாட்டில் அபினைப் பெரிய வியாபாரமாக்கியது கிழக்கிந்தியக் கம்பெனி. பிகாரிலும் காசி வட்டாரத்திலும் உழவர்களுக்கு முன்பணம் என்ற பெயரில் தூண்டில் போட்டு, நெல்லும் கோதுமையும் விளைந்த நிலத்தில் கசகசாச் செடியைப் பயிரிட வைத்தார்கள். காஜிப்பூரில் 1820-ல் அபின் தொழிற்சாலை வந்தது. அந்த அபின் சீனாவுக்குப் போயிற்று. வேண்டாம் என்று சீனா தடுத்தபோது 1839-லும் 1856-லும் பீரங்கியோடு போய் யுத்தம் நடத்தினார்கள். வெள்ளைக்கார சர்க்காருக்கு நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானங்களில் ஒன்றாக அபின் இருந்தது.

உள்நாட்டில் யார் அதை உட்கொண்டார்கள்? 1920-களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த தாய்மார்கள், தாங்கள் ஷிப்டு முடிந்து திரும்பும் வரை குழந்தை அழாமல் தூங்கட்டும் என்று அபின் உருண்டை கொடுத்து விட்டு வேலைக்குப் போனார்கள். அந்தக் காலத்து மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தாய்க்கு இரக்கமில்லையா? ஆலையில் குழந்தைக் காப்பகமில்லை, பிரசவ விடுப்பில்லை. அபின் உருண்டைதான் முதலாளி கட்டாத காப்பகம்! இங்கிலாந்தின் ஆலை வட்டாரங்களிலும் இதே கொடுமை நடந்ததை 1867-ல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில் காரல் மார்க்ஸ் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இதை ஏன் சொல்கிறேன்? உழைப்பு மனிதனால் தாங்க முடியாத அளவுக்குப் போகும்போது, உழைப்பை மாற்றுவதற்குப் பதிலாக மனிதனை மரத்துப் போக வைப்பது முதலாளித்துவத்துக்குச் சுலபமான வழி. அன்று அபின் உருண்டை, இன்று பளபளப்பான அட்டையில் மாத்திரை.

‘இது பாதுகாப்பானது’ என்ற பழைய பல்லவி

சுமார் 1805-ல் ஜெர்மனியில் செர்டுர்னர் என்ற மருந்துக்கடை உதவியாளர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். அது பெரிய சாதனை. அளவு பார்த்துக் கொடுக்க முடிந்தது. அறுவை சிகிச்சை செய்த நோயாளிகளுக்கு உதவியது. ஆனால் அடிமையாக்கும் குணம் போகவில்லை.

1898-ல் ஜெர்மன் பேயர் கம்பெனி மார்ஃபினைச் சற்று மாற்றி ஒரு மருந்தை விற்றது. இருமலுக்கு நல்லது, மார்ஃபினைப் போல அடிமையாக்காது என்று விளம்பரம். அதன் பெயர் தெரியுமா? ஹெராயின்! 1913 வாக்கில் கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தியது. அதற்குள் விஷம் உலகமெல்லாம் பரவி விட்டது.

1939-ல் பெத்தடின் வந்தது. இதற்கும் முதலில் அதே நற்சாட்சிப் பத்திரம்தான் கொடுக்கப்பட்டது. பிறகு, டாக்டர்களும் நர்ஸுகளுமே அதற்கு அடிமையானதைக் கண்டார்கள்.

1996-ல் அமெரிக்காவில் பர்டூ ஃபார்மா என்ற கம்பெனி ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மருந்து மெதுவாகக் கரைகிறது, ஆகவே அடிமையாக மாட்டார்கள் என்றார்கள். அடிமையாகிறவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்று விற்பனைப் பிரதிநிதிகள் டாக்டர்களிடம் சொன்னார்கள். அதற்கு அத்தாட்சி என்ன? 1980-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வந்த ஐந்து வாக்கியக் கடிதம் ஒன்று! ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளைப் பற்றிய அந்தச் சிறு கடிதத்தை, ஆண்டுக்கணக்காக வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொருந்தும் என்று திரித்தார்கள்.

அந்த மாத்திரை முதலில் எங்கே போய்ப் பாய்ந்தது தெரியுமா? மேற்கு வர்ஜீனியா போன்ற நிலக்கரிச் சுரங்கப் பிரதேசங்களில். சுரங்கத்தில் முதுகு ஒடிந்த தொழிலாளிகள் மீது! வலியோடு அடுத்த ஷிப்டுக்குப் போக வேண்டியவன் கையில் அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். மாத்திரை கிடைக்காதபோது ஹெராயினுக்குப் போனார்கள், பிறகு ஃபென்டனில் என்ற இன்னும் கொடிய மருந்துக்குப் போனார்கள். 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவில் மருந்து மிஞ்சி இறந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் நாலில் மூன்று பங்கு அபின் ஜாதி மருந்துகளால் மாண்டவர்கள். கம்பெனி 2007-லும் 2020-லும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக் கொண்டது. ஆனால் அதற்குள் அதன் சொந்தக்காரர்களான சாக்லர் குடும்பத்தார் கம்பெனியிலிருந்து எடுத்துக் கொண்ட தொகை சுமார் 1,100 கோடி டாலர்.

நம் ஊர் மருந்துக் கடைக்கு வந்த ஆபத்து

இது அமெரிக்கக் கதைதானே என்று நிம்மதியாக இருந்து விடாதீர்கள். டிராமடால் என்ற மாத்திரையும் சாதுவானது என்ற பெயரோடுதான் வந்தது. இந்தியாவில் 2018 ஏப்ரலில் அதைப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டு வர வேண்டியதாயிற்று. உடனே அதன் இடத்தை டாபென்டடால் பிடித்துக் கொண்டது. அமெரிக்காவில் 2008-ல் அனுமதி பெற்ற மருந்து அது.

கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இந்த மாத்திரையைப் பெட்டி பெட்டியாகப் போலீசார் பிடிக்கிறார்கள். வாலிபர்கள் அதைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக் கொள்கிறார்கள். மாத்திரையில் மருந்து மட்டுமா இருக்கிறது? மாவும் சுண்ணாம்பும் இருக்கின்றன. அவை ரத்தத்தில் போய் நுரையீரலை அடைக்கின்றன. ஒரே ஊசியை நாலு பேர் போட்டுக் கொண்டால் மஞ்சள் காமாலையும் எய்ட்ஸும் பரவுகின்றன. வேலை கிடைக்காத பிள்ளை, படிப்பு நின்ற பிள்ளை, மூட்டை தூக்கும் பிள்ளை, இவர்கள்தான் இதில் விழுகிறார்கள். தாய்மார்களே, உங்கள் வீட்டில் யாராவது விழுந்திருந்தால் அடித்துத் துரத்தாதீர்கள். அது நோய். முண்டியம்பாக்கத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது; அங்கே மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளையைப் பிடிக்கிறார்கள், ஜெயிலில் போடுகிறார்கள். மாத்திரையைச் செய்தவன் எங்கே? 2025 பிப்ரவரியில் ஒரு செய்தி வெளிவந்து உலகம் அதிர்ந்தது. இந்தியக் கம்பெனி ஒன்று டாபென்டடாலையும் இன்னொரு மயக்க மருந்தையும் சேர்த்து மாத்திரையாக்கி, கானா, நைஜீரியா முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது. அங்கே தெருவில் உழைக்கும் வாலிபர்கள் களைப்புத் தெரியாமலிருக்க அதை விழுங்கி நாசமானார்கள். செய்தி வெளிவந்த பிறகே டில்லி சர்க்கார் அந்தக் கலவை மாத்திரைக்குக் கொடுத்த அனுமதிகளை ரத்து செய்தது. அன்று வெள்ளைக்காரன் நமது உழவனைக் கொண்டு அபின் விளைவித்துச் சீனனுக்கு விற்றான். இன்று நமது முதலாளியே ஆப்பிரிக்கத் தொழிலாளிக்கு விற்கிறான். லாபத்துக்கு நிறமும் இல்லை, தேசமும் இல்லை!

அப்படியானால் மார்ஃபின் கூடாதா?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை செய்ய விரும்புகிறேன். அபின் ஜாதி மருந்தே கூடாது என்று நாம் சொல்லவில்லை. புற்றுநோய் முற்றிய ஒருவர் இரவெல்லாம் கதறுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த வலிக்குப் பாரசிட்டமால் போதாது. மார்ஃபின் மாத்திரை வேண்டும். அது விலை குறைந்த மருந்து.

ஆனால் நமது தேசத்தில் நடந்தது என்ன? 1985-ல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வைத்துக் கொள்ள வேண்டுமானால் பல லைசென்சுகள், பல ஆபீசுகள். தொல்லை எதற்கு என்று ஆஸ்பத்திரிகள் விட்டு விட்டன. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் மருத்துவத்துக்குச் செலவான மார்ஃபின் நூற்றுக்கு 97 பங்கு குறைந்தது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் சர்க்கார் லைசென்சோடு அபின் விளைகிறது, வெளிநாட்டுக்குப் போகிறது. விளைவித்த தேசத்தின் நோயாளி மட்டும் கதறிக் கொண்டே சாகிறான். 2017-ல் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகை அமைத்த குழு ஒரு கணக்கு வெளியிட்டது. தாங்க முடியாத வலியில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு அமெரிக்காவில் கிடைப்பது 55,000 மில்லிகிராமுக்கும் மேல்; இந்தியாவில் 43 மில்லிகிராம்! தேவையில் நூற்றுக்கு 4 பங்குதான். ஒரு பக்கம் மருந்து வெள்ளமாகப் பாய்ந்து ஜனங்களைக் கொல்கிறது; மறுபக்கம் மருந்துப் பஞ்சம். சந்தையின் கையில் விட்டால் இப்படித்தான் ஆகும்.

வேறு வழி உண்டு என்று காட்டியது பக்கத்து மாநிலம். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் வலி நிவாரணச் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். மார்ஃபின் மாத்திரை பெற்று வீட்டிலிருந்தே சிகிச்சை எடுத்த 1,723 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்ததில், மருந்து தவறான கைக்குப் போனதாக ஒரு சம்பவம் கூட இல்லை என்று 2001-ல் அறிக்கை வெளியிட்டார்கள். 2008-ல் கேரளத்தின் இடதுசாரி சர்க்கார், இந்தியாவிலேயே முதன்முதலாக இதற்கென்று ஒரு கொள்கையை அறிவித்து, பஞ்சாயத்துகளைப் பொறுப்பாக்கியது. 2014-ல் டில்லியின் சட்டமும் திருத்தப்பட்டது. ஊர் கண்காணிக்க, டாக்டர் கொடுக்க, உரிய நோயாளி பெற்றுக் கொண்டால் மார்ஃபின் கூட நல்ல மருந்து. கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி கையில் கொடுத்தால் எந்த மருந்தும் விஷம்.

வலி தெரியாத சிறுவன் காட்டிய வழி

இனிப் புதிய மருந்தின் விஷயத்துக்கு வருகிறேன். இது விஞ்ஞானத்தின் அருமையான அத்தியாயம்.

பாகிஸ்தானின் வடபகுதியில் ஒரு சிறுவன் இருந்தான். தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தான். கையில் கத்தியைக் குத்திக் கொள்வான். நெருப்புத் தணலில் நடப்பான். நமது செஞ்சி வட்டாரத்துக்குத் தீமிதி புதிதல்ல. ஆனால் நெருப்பு மிதிப்பவருக்குச் சுடும் என்பது தெரியும். அந்தச் சிறுவனுக்குப் பிறவியிலேயே வலி என்பதே தெரியாது. பதினான்கு வயது வாக்கில் கூரையிலிருந்து குதித்து இறந்து போனான். வலி எவ்வளவு பெரிய காவல்காரன் என்பதை அந்தப் பிள்ளையின் சாவு சொல்கிறது. அவனுடைய உறவினர் குடும்பங்களிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். விஞ்ஞானிகள் அவர்களைச் சோதித்து, வலியைக் கொண்டு செல்லும் நரம்புகளில் ஒரு சிறிய வாசல் அவர்களுக்கு வேலை செய்யவில்லை என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். உப்பில் உள்ள சோடியம் நுழைகிற வாசல் அது.

நமது பனமலை ஏரியை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு வயலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்றால் அந்த வயலின் மடையை அடைத்தால் போதும். அபின் ஜாதி மருந்து என்ன செய்கிறது? தலைமதகில் போய்க் கை வைக்கிறது. வலியோடு சேர்ந்து மூச்சும் அறிவும் தடுமாறுகின்றன. வயல் மடையை மட்டும் அடைக்கிற மருந்து கிடைக்காதா என்று தேடினார்கள். இருபது ஆண்டுகள் பல மருந்துகள் தோற்றன. கடைசியில் அதே வகையைச் சேர்ந்த இன்னொரு வாசலை அடைக்கும் மருந்து கிடைத்தது. சுசெட்ரிஜின் என்று பெயர். 2025 ஜனவரி 30-ந் தேதி அமெரிக்க சர்க்கார் அதற்கு அனுமதி கொடுத்தது. அது மூளையில் வேலை செய்வதில்லை. ஆகவே அபினைப் போல் அடிமையாக்கும் என்பதற்குச் சோதனைகளில் அடையாளம் காணவில்லை.

கை தட்டலாமா? தட்டலாம், ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். வயிற்றிலும் காலிலும் அறுவை சிகிச்சை செய்தவர்களிடம் சோதித்தபோது, வெறும் மாவு மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் பழைய அபின் ஜாதி மாத்திரையை மிஞ்சவில்லை. அனுமதியும் புதிதாக வந்த வலிக்குத்தான். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நாட்பட்ட வலிக்குச் சோதித்தபோது, மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. நமது இடுப்பு வலிக்கு அது இன்னும் விடை ஆகவில்லை.

விலை? 2025-ல் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை 15 டாலர் 50 சென்ட். ஒரு நாளைக்கு இரண்டு. நமது பணத்தில் நாளொன்றுக்கு 2,500 ரூபாய்க்கும் மேல். 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 336 ரூபாய். ஒரு நாள் வலி போக ஏழு நாள் கூலிக்கும் மேல் கொடுக்க வேண்டும்! மருந்து கண்டுபிடிப்பது ஒரு தேடல். அதை ஏழையின் வாய்க்குக் கொண்டு வருவது இன்னொரு போராட்டம்.

அந்தப் போராட்டத்தில் நாம் வென்றதும் உண்டு. 1951-ல் லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சிக் கழகம் வந்தது. 1961-ல் சோவியத் உதவியோடு பொதுத்துறை மருந்துக் கம்பெனி அமைந்தது. 1970-ல் வந்த பேடண்டு சட்டத்தால், மருந்தைச் செய்யும் முறைக்குத்தான் ஏகபோகம், மருந்துக்கே ஏகபோகம் இல்லை என்றாயிற்று, மருந்து மலிந்தது. 2005-ல் உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் அந்தச் சட்டத்தை மாற்றி, இருபது ஆண்டு ஏகபோகத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். பொதுத்துறை ஆலைகளை நலிய விட்டார்கள். ஆனாலும் கட்டாய லைசென்ஸ் என்ற ஒரு ஆயுதம் சட்டத்தில் மிஞ்சியிருக்கிறது. 2012-ல் புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு அதைப் பயன்படுத்தியபோது, மாதம் 2,80,000 ரூபாய் விலை சுமார் 8,800 ரூபாய்க்கு இறங்கியது. ஒருமுறை செய்தவர்கள் மறுமுறை ஏன் செய்யவில்லை என்று கேட்க வேண்டியது நமது கடமை.

கழுகுகள் சொல்லும் பாடம்

டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக் கொள்ளலாமா என்று ஒரு தாயார் கூட்டத்துக்கு முன் கேட்டார். அதற்குப் பதிலாக ஒரு உண்மைச் சம்பவத்தைச் சொல்கிறேன்.

செத்த மாட்டைத் தின்னும் பாறுக் கழுகுகள் முன்பு நமது தேசத்தில் லட்சக்கணக்கில் இருந்தன. 1990-களில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளில், வெண்முதுகுப் பாறு என்ற இனத்தில் நூற்றுக்கு 99-க்கும் மேல் அழிந்தது. காரணம் தெரியாமல் திகைத்தார்கள். மாட்டுக்கு வலி போக டைக்ளோஃபெனாக் ஊசி போடுகிறார்கள். அந்த மாடு செத்தால் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெடுகிறது என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். உடனே மாற்று மருந்தைத் தேடினார்கள். மெலாக்சிகாம் கழுகுக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்து அறிந்தார்கள். 2006-ல் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்று இந்திய சர்க்கார் தடை செய்தது. பொது நன்மையை நினைத்துத் தேடினால் இரண்டே ஆண்டில் மாற்றுக் கிடைக்கிறது, பாருங்கள்!

மனிதன் கழுகல்ல, ஓரிரு ஊசியால் நமக்கு அப்படி ஆவதில்லை. ஆனால் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து, மாதக்கணக்கில் அந்த மருந்தை எடுத்தால் சிறுநீரகத்துக்குக் கேடுதான். சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத விவசாயத் தொழிலாளருக்கும் சிறுநீரகம் பழுதடைவதைத் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு 2025-ல் வெளிப்படுத்தியது. வெயில் வேலையின் மீது பலமான சந்தேகம் விழுந்திருக்கிறது. அதன் மேல் வலி ஊசியும் சேர வேண்டுமா?

முதுகு வலிக்கு உண்மையான மருந்து

ஆஸ்திரேலியாவில் புதிதாக முதுகு வலி, கழுத்து வலி கண்ட 347 பேரைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அபின் ஜாதி மாத்திரை, பாதிப் பேருக்கு மாவு மாத்திரை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் வலி குறைந்ததில் வித்தியாசம் இல்லை. இந்த முடிவு 2023-ல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு, நாட்பட்ட இடுப்பு வலிக்கு அபின் ஜாதி மருந்து வேண்டாம் என்று அறிவித்தது. தகுந்த தேகப் பயிற்சி, உடலியக்கச் சிகிச்சை, நோயைப் பற்றிய விளக்கம், தேவைப்பட்டால் குறுகிய காலத்துக்குச் சாதாரண வலி மருந்து, இவைதான் வழி என்றது.

ஆகவே தோழர்களே, தேடி அலைந்த மாற்று மருந்தில் பாதி நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். ஓய்வு வேண்டும். சுமை குறைய வேண்டும். 1967-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வயது வந்த ஆண் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சிபாரிசு செய்தது. நமது நெல் மூட்டை எத்தனை கிலோ? 75! இருபது கிலோ அதிகச் சுமையை முதுகில் ஏற்றி விட்டு, அதற்கு மாத்திரையும் நம் காசிலேயே வாங்கிப் போடச் சொல்கிறார்கள்.

ஆலைத் தொழிலாளிக்கு 1948-ல் போராடிப் பெற்ற ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. நிலத்தில் உழைப்பவருக்கு அது இன்றும் இல்லை. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், உடலியக்கச் சிகிச்சையும் முற்றிய நோயாளிக்கு வலி நிவாரணமும் வீட்டுக்கே வர வேண்டும் என்று இருக்கிறது. நல்ல ஏற்பாடு. அந்த ஊழியர் நம் தெருவுக்கு மாதம் எத்தனை முறை வருகிறார், கையில் என்ன கொண்டு வருகிறார் என்று கிளைதோறும் கணக்கு எடுங்கள். கணக்கு இருந்தால்தான் கோரிக்கைக்குப் பலம்.

நமது கோரிக்கைகள்

ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் வாரம் தவறாமல் உடலியக்கச் சிகிச்சை நடக்க வேண்டும். செஞ்சி போன்ற தாலுக்கா ஆஸ்பத்திரிகளில் புற்றுநோயாளிக்கு மார்ஃபின் மாத்திரை தட்டில்லாமல் கிடைக்க வேண்டும். மூட்டையின் எடைக்குச் சட்டப்படி வரம்பு வேண்டும். விவசாயத் தொழிலாளருக்கும் ஈ.எஸ்.ஐ. போன்ற பாதுகாப்பு வேண்டும். போதை மாத்திரை வழக்கில் வாங்கிய பையனோடு நிற்காமல், மொத்தமாக விற்றவன், செய்தவன் வரை பிடிக்க வேண்டும். புதிய வலி மருந்தைத் தேடும் வேலையில் பொதுத்துறை ஆராய்ச்சிச் சாலைகளுக்குப் பணம் வேண்டும். அந்நியக் கம்பெனி விலையைக் குறைக்காவிட்டால் கட்டாய லைசென்ஸ் கொடுக்க வேண்டும்.

நாளைக் காலையிலிருந்தே நாம் செய்யக்கூடியதும் உண்டு. அட்டையைக் கிழித்துப் பெயர் தெரியாமல் கொடுக்கும் மாத்திரையை வாங்காதீர்கள். என்ன மருந்து, எத்தனை நாள் என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அடுத்தவருக்குக் கொடுத்த மாத்திரையை நீங்கள் போடாதீர்கள். சாராயத்தோடு அபின் ஜாதி வலி மாத்திரை சேர்ந்தால் மூச்சு நிற்கக் கூடும் என்பதை மறக்காதீர்கள். பல நாள் டிராமடால், டாபென்டடால் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தாமல் டாக்டர் சொற்படி சிறிது சிறிதாகக் குறையுங்கள். கால் மரத்துப் போனால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால், வலியோடு காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தோழர்களே! வலி நம்மிடம் ஒரு சேதி சொல்கிறது. இந்தச் சுமை அதிகம், இந்த வேலை நேரம் அதிகம், இந்தக் கூலியில் இந்த உடம்பு நிற்காது என்கிறது. அந்தச் சேதியை மாத்திரையால் அமுக்கி விட்டு வேலைக்குப் போகச் சொல்கிறவர்கள் நமது பகைவர்கள். தாங்க முடியாத வலிக்குத் தீங்கில்லாத மருந்து தேடுகிற விஞ்ஞானி நமது நண்பன். அவனுடைய கண்டுபிடிப்பு கம்பெனியின் பெட்டகத்துக்குள் போய்ப் பூட்டப்படாமல் பனமலைக்கும் வந்து சேர வேண்டுமானால், அதற்கு வேண்டியது நமது சங்கத்தின் பலம். இன்று சங்கத்தில் சேராதவர்கள் சேருங்கள். சேர்ந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வாருங்கள்.